ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் சொட்டிய தண்ணீர்: ரங்கூன் விடுதி ஒன்றின் விஆர்எஃப் ஒயரிங்

ரங்கூன் டவுனில், அனவ்ரதா சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது அந்த விடுதி. பெயர் வேண்டாம். தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெகு, தாட்டன், மோல்மீன் பக்கத்திலிருந்து வரும் நம் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தங்கும் இடம். திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முடிந்த மறுவாரம் முதலாளியின் மகன் போன் செய்தார். "அண்ணே, ஏர்கான்ல ரெண்டாவது கம்ப்ரசரும் சத்தம் போடுது. முதல் கம்ப்ரசரை மாத்தி ரெண்டு மாசம்தான் ஆகுது. வந்து பார்த்துட்டு உண்மையைச் சொல்லுங்க, போதும்."

பர்மியர்களைப் போலவே நாங்களும் பேச்சில் ஏர்கான் என்றுதான் சொல்வோம். எல்லா ஊர்க்காரர்களும் படிக்க வேண்டும் என்பதால் இங்கே ஏசி என்றே எழுதுகிறேன். மாதக்கணக்கில் பலர் பார்த்து, பல போர்டுகள் மாற்றி, ஒரு கம்ப்ரசரையும் பலி கொடுத்த பிறகு பிடிபட்ட கோளாறு இது. ஜெனரேட்டர் இல்லாமல் காலம் தள்ள முடியாத எந்த ஊரிலும் இதே தப்பு நடக்கும் என்பதால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

என்ன இருந்தது

மொட்டைமாடியில் 16 எச்பி அவுட்டோர், அதாவது வெளிப் பெட்டி, ஒன்று. 45 கிலோவாட் குளிர்ச்சி. உள்ளே இரண்டு இன்வெர்ட்டர் கம்ப்ரசர், கேஸ் ஆர்410ஏ. கீழே 14 இன்டோர், அதாவது அறைக்குள் இருக்கும் பெட்டி: வரவேற்பறையில் 7.1 கிலோவாட் கேசட் (சீலிங்கில் பதிக்கும் வகை) ஒன்று, அறைகளில் 2.8 கிலோவாட் ஒன்பது, 3.6 கிலோவாட் நாலு. முதல் மாடியில் நாலு அறை, இரண்டாவதில் நாலு, மூன்றாவதில் ஐந்து. கூட்டினால் 46.7 கிலோவாட், அவுட்டோரின் திறனில் 104 சதவீதம். அளவில் ஒரு குறையும் இல்லை. எல்லா அறையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாது என்பதால் இதைவிடக் கூடுதலாகவே பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன.

1982-இல் ஜப்பானில் டைகின் நிறுவனம் விஆர்வி என்ற பெயரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. அந்தப் பெயர் அவர்களுக்குச் சொந்தம் என்பதால் மற்றவர்கள் விஆர்எஃப் என்கிறார்கள். ஒரு அவுட்டோரிலிருந்து கிளம்பும் ஒரு ஜோடிக் குழாய் கிளை பிரிந்து எல்லா அறைக்கும் போகும். ஒவ்வொரு இன்டோருக்குள்ளும் ஒரு மின்னணு விரிவு வால்வு இருக்கும். அந்த அறைக்கு எவ்வளவு கேஸ் போக வேண்டும் என்பதை அது திறந்து மூடி முடிவு செய்யும்.

ஒயரிங் மூன்று வகை. அவுட்டோருக்கு 400 வோல்ட் மூன்று பேஸ். இன்டோர்களுக்கு 230 வோல்ட். அப்புறம் எல்லாவற்றையும் கோக்கிற இரண்டு ஒயர் கொண்ட கம்யூனிகேஷன் கேபிள். டைகினில் அதன் முனைகளுக்கு எஃப்1, எஃப்2 என்று பெயர். மிட்சுபிஷி எலக்ட்ரிக்கில் எம்1, எம்2. வேறு பலவற்றில் பி, கியூ என்று போட்டிருக்கும். நான் சொல்லும் இயந்திரம் பி, கியூ வகை.

புகாரின் வரலாறு

இயந்திரம் போட்டு முதல் இரண்டரை வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்போது இருந்தது சின்ன ஜெனரேட்டர். கரண்ட் போனால் ஏசி மொத்தமும் நின்றுவிடும். விளக்கு, மின்விசிறி மட்டும் ஓடும். கரண்ட் போகும் நேரம் நீண்டுகொண்டே போனதால் முதலாளி 40 கேவிஏ ஜெனரேட்டர் வாங்கி, மெயினுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே தானாக மாறும் சேஞ்ச்ஓவரும் போட்டு, ஏசியையும் அதில் சேர்த்தார். கோளாறு அதற்கு மறுவாரமே தொடங்கியது.

முதலில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அவுட்டோர் நின்று, இன்டோர் எண்ணிக்கை குறைகிறது என்று எரர் கோட் காட்டியது. அதற்காக வந்தவர்கள் அவுட்டோர் போர்டில் ஏதோ செய்தார்கள், எரர் கோட் போய்விட்டது. பிறகு கரண்ட் திரும்பி வரும் நேரத்தில் மூன்றாவது மாடி ரிமோட்டுகளில் கம்யூனிகேஷன் எரர் வர ஆரம்பித்தது. இரண்டு இன்டோர் போர்டு மாற்றினார்கள். அப்புறம் அவுட்டோரின் மெயின் போர்டு. அப்புறம் ஒரு கம்ப்ரசர் இறுகி நின்றது. அதையும் மாற்றினார்கள். எரர் மட்டும் போகவே இல்லை. அதுவும் தினமும் வராது. சில வாரம் அமைதியாக இருக்கும், திருவிழா நாட்களில் மாறி மாறி வரும்.

நானும் முதல் நாள் முழுவதையும் கம்யூனிகேஷன் கேபிளிலேயே கழித்தேன். எரர் கம்யூனிகேஷன் என்று சொல்கிறதே, வேறு எங்கே தேடுவது? கேபிளில் குறைகள் இருக்கத்தான் செய்தன. பின்னால் சொல்கிறேன். ஆனால் அவற்றால் கம்ப்ரசர் சாகாது. அந்த இடத்தில்தான் எனக்கு முட்டியது.

அக்கா சொன்னது

இரண்டாம் நாள் காலை. மூன்றாவது மாடியில், ஓர் அறையின் குளியலறை வாசலுக்கு மேலே சீலிங் மேனியில் பழுப்பு நிறத்தில் வட்டம் வட்டமாகக் கறை. வெளி வட்டம் காய்ந்து கோடாகிவிட்டது, உள் வட்டம் இன்னும் ஈரம். கீழே தரையில் மடித்துப் போட்ட பழைய லுங்கித் துணி. டிரெயின் அடைப்பு என்று நினைத்து, அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காவிடம் எப்போதிலிருந்து சொட்டுகிறது என்று கேட்டேன்.

"தம்பி, மெயின் கரண்ட் இருக்கும்போது ஒரு சொட்டு விழாது. ஜெனரேட்டர் ஓடினாத்தான் சொட்டும். ஜெனரேட்டர் சத்தம் கேட்டா நான் நேரா இந்தத் துணியைத்தான் எடுத்துட்டு வருவேன்."

"ஜெனரேட்டர்ல இந்த ரூம் ஏர்கான் ஓடுமாக்கா?"

"எங்க ஓடுது? மேல் மாடி அஞ்சு ரூமுக்கும் ஜெனரேட்டர்ல ஏர்கான் கிடையாது. விளக்கும் ஃபேனும்தான்."

என்னோடு வந்த தாட்டன் தம்பி சட்டென்று சொன்னான். "அப்ப டிரெயின் பம்ப்பும் ஓடாதுல்லண்ணே. அதான் தண்ணி வழியுது."

"சரி, பம்ப் ஓடல. ஆனா ஏசியே ஓடாதப்ப தண்ணி எங்கேருந்து வருது?"

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் திறந்தது. மின்விசிறி நின்ற, மின்சாரமே இல்லாத ஓர் இன்டோரில் காயில் குளிர்ந்தால்தான் தண்ணீர் வரும். காயில் குளிர வேண்டுமென்றால் அதற்குள் கேஸ் ஓட வேண்டும்.

பிரேக்கர்கள் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்தோம். கதை அங்கே தெளிவாகவே எழுதியிருந்தது. புதிய ஜெனரேட்டர் வந்தபோது இன்டோர்களுக்கான பிரேக்கர்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். வரவேற்பறையும் முதல் இரண்டு மாடியும், ஆக ஒன்பது இன்டோர், சேஞ்ச்ஓவருக்குப் பின்னால். மூன்றாவது மாடியின் ஐந்தும் சேஞ்ச்ஓவருக்கு முன்னால், மெயின் கரண்டில் மட்டும். அவுட்டோர் ஜெனரேட்டர் பக்கம்.

பிரித்ததற்கு முதலாளி சொன்ன காரணம் நியாயமாகவே இருந்தது. "மேல் மாடி அடிக்கடி வாடகைக்குப் போறதில்ல. அஞ்சு ஏர்கானை விட்டா அஞ்சு ஏர்கான் டீசல் மிச்சம்னு நினைச்சோம்." ஒயரிங் செய்தவரும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்: 14 இன்டோர் என்றால் 14 ஏசி. அவர் காலமெல்லாம் ஸ்பிளிட் ஏசி ஒயரிங் செய்தவர். ஸ்பிளிட்டில் அந்தக் கணக்கு சரி. அறைக்கு வரும் கரண்டை நிறுத்தினால் அந்த அறையின் ஏசி வெளியிலும் உள்ளேயும் மொத்தமாக நிற்கும். விஆர்எஃப்-இல் இன்டோருக்குக் கரண்டை நிறுத்தினால் அதன் மின்விசிறி நிற்கும், பம்ப் நிற்கும், போர்டு ஊமையாகும். வால்வு மட்டும் மூடாது.

வால்வு ஏன் மூடாது

விரிவு வால்வை நகர்த்துவது ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார். போர்டு பல்ஸ் கொடுக்கக் கொடுக்க ஊசி படிப்படியாக ஏறி இறங்கும். பல மாடல்களில் முழுதாக மூடியதிலிருந்து முழுதாகத் திறக்க 480 அல்லது 500 பல்ஸ். இதில் ஸ்பிரிங் போட்டுத் தானாக மூடுகிற ஏற்பாடு எதுவும் கிடையாது. மின்சாரம் போன கணத்தில் ஊசி எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். 200-இல் நின்றால் கரண்ட் திரும்பும்வரை 200-தான். ரிமோட்டில் நிறுத்தினால் போர்டு முதலில் வால்வை மூடிவிட்டுத்தான் ஓயும். பிரேக்கரை இறக்கினால் அதற்கு நேரமே கிடைக்காது.

விட்டு விட்டு வந்ததற்கும் இதுவே விடை. மேல் மாடியில் ஆள் இல்லாத நாளில் வால்வுகள் மூடியே இருக்கும். கரண்ட் போனாலும் மூடியபடி நிற்கும், ஒன்றும் ஆகாது. அறைகள் நிறைந்து, ஐந்து ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால்தான் வம்பு. திஞ்சானுக்கும் திருவிழாவுக்கும் எரர் கூடியது அதனால்தான்.

ஐந்து வால்வும் திறந்து கிடக்க, மொட்டைமாடியில் கம்ப்ரசர் மற்ற ஒன்பது அறைக்காக முழு மூச்சாக ஓடுகிறது. திரவமாக வரும் கேஸ் இந்த ஐந்து காயிலுக்குள்ளும் நுழைகிறது. மின்விசிறி ஓடாததால் அதைக் கொதிக்க வைக்க வெப்பம் போதாது. திரவமாகவே மறுபக்கம் வெளியேறி கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. வழியில் திரவத்தைப் பிடித்து வைக்கும் அக்யுமுலேட்டர் என்ற கலம் கொஞ்சம் தாங்கும். மணிக்கணக்கில் தாங்காது. திரவம் கம்ப்ரசர் எண்ணெயில் கலந்து அதை நீர்க்க வைக்கும். நீர்த்த எண்ணெய் பேரிங்கில் நிற்காது.

சோதித்துப் பார்த்தது

சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருவரிடம் பணம் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மதியம் எல்லா அறையிலும் ஏசியை ஓட விட்டு, ஒரு மணி நேரம் நிலைப்படுத்தி, அவுட்டோரில் கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் டிஸ்சார்ஜ் குழாயில் வெப்பமானியைக் கட்டினேன். மெயின் கரண்டில் டிஸ்சார்ஜ் 79 டிகிரி, பிரஷர் கேஜ் காட்டிய கண்டென்சிங் வெப்பம் (கேஸ் திரவமாக மாறும் வெப்பநிலை) 46. வித்தியாசம் 33. இதை டிஸ்சார்ஜ் சூப்பர்ஹீட் என்போம். 30-ஐ ஒட்டி இருந்தால் கம்ப்ரசருக்குள் போவது நல்ல ஆவி என்று நிம்மதியாக இருக்கலாம்.

பிறகு மெயின் சுவிட்சை இறக்கினோம். ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. அவுட்டோர் மறுபடி கிளம்பியது. எரர் எதுவும் இல்லை! பத்து நிமிடத்தில் டிஸ்சார்ஜ் 63. இருபதாவது நிமிடம் 55. கண்டென்சிங் 45. ஆக சூப்பர்ஹீட் வெறும் 10. கம்ப்ரசரின் அடிவயிற்றில் கை வைத்தேன். மெயினில் ஓடும்போது சூடாக இருந்த இடம், இப்போது வேர்த்துக் குளிர்ந்திருந்தது. சோதனையை அதோடு நிறுத்தினேன். இன்னும் ஓட விட்டால் அந்தக் கம்ப்ரசரை நானே கொன்றவனாவேன்.

அதே நேரத்தில் தம்பி மேல் மாடியில் சீலிங் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். செத்துக் கிடக்க வேண்டிய இன்டோரின் வால்வுப் பக்கக் குழாயில் வெள்ளையாகப் பனி. காயில் முழுக்க முத்து முத்தாக நீர். பம்ப் ஓடாத டிரேயில் தண்ணீர் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காவையும் ஏணியில் ஏற்றிக் காட்டினோம். "நான் ஆறு மாசமா சொல்றேன், யாரும் கேக்கல" என்றார். அவரிடம் அதுவரை யாரும் கேட்கவும் இல்லை.

கழற்றிய பழைய கம்ப்ரசர் மாடிப்படிக்குக் கீழே சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. அதை விற்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) போட்டால் மோட்டார் காயில்களுக்கும் உடம்புக்கும் நடுவே 80 மெகாஓமுக்கு மேல். மூன்று காயிலும் ஒரே அளவு. அதாவது கரண்டால் எரியவில்லை. சாய்த்துக் கொஞ்சம் எண்ணெயை வெள்ளைக் கிண்ணத்தில் வடித்தோம். கருகிய வாசனை இல்லை. ஆனால் வெயிலில் ஆட்டினால் மீன் செதில் தூளைப் போல உலோகப் பொடி மினுங்கியது. பேரிங் தேய்ந்து இறுகியிருக்கிறது. வோல்டேஜ் ஏறி இறங்கியதால் போனது என்று முன்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அந்த முடிவு ஏற்புடையதாக இல்லை.

எரர் ஏன் வரவில்லை, பிறகு ஏன் வந்தது

இயந்திரம் முதல் வாரத்திலேயே உண்மையைச் சொன்னது. 14 இன்டோர் இருக்க வேண்டும், 9 தான் பதில் சொல்கிறது என்று நின்று அறிவித்தது. அதைத் தீர்க்க வந்தவர்கள், ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் இன்டோர்களைப் புதிதாக எண்ணிக்கொள்ளும்படி அவுட்டோர் போர்டின் அமைப்பை மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு ஜெனரேட்டரில் கிளம்பும்போது அவுட்டோர் 9 என்று எண்ணி, திருப்தியாக ஓடியது. இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்தியது இந்த ஒரு சுவிட்ச்தான். அதைத் தொடாமல் இருந்திருந்தால் அறைகள் குளிராமல் புகார் வந்திருக்கும், ஆனால் கம்ப்ரசர் பிழைத்திருக்கும்.

கரண்ட் திரும்பும்போது வந்த கம்யூனிகேஷன் எரருக்கும் இதே பிரிவினைதான் காரணம். தெருவில் பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்துகிற அதே நொடியில் மேல் மாடி இன்டோர்களுக்கு மெயின் கரண்ட் வந்துவிடும். சேஞ்ச்ஓவரோ மெயின் நிலையாக இருக்கிறதா என்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் மாறும். அந்த இரண்டு நிமிடமும் ஐந்து இன்டோர்கள் விழித்துக்கொண்டு, தங்களைக் கணக்கில் வைத்திராத அவுட்டோரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராமல் ரிமோட்டில் எரர் போடும். இரண்டு இன்டோர் போர்டு மாறியது இதற்காக. இரண்டிலும் பழுது இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கேபிளில் இருந்த குறைகள்

நாலு குறை. முதலாவது, பி, கியூ வரிசையின் கடைசி இன்டோரில் இருக்க வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டர் இல்லை. வரிசையின் கடைசியில் அது இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து தன்னையே குழப்பும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அவுட்டோர் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 120-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டியது, கிலோஓம் கணக்கில் காட்டியது. மாற்றிய போர்டுகளில் ஒன்று அந்தக் கடைசி இன்டோருடையது. பழுப்பு, சிவப்பு, பழுப்பு பட்டை போட்ட ஒரு பொட்டு ரெசிஸ்டர், பழைய போர்டின் ஸ்க்ரூவிலேயே மாட்டிக்கொண்டு குப்பைக்குப் போயிருக்கிறது.

இரண்டாவது, இரண்டாம் மாடி சீலிங்குக்குள் டேப் சுற்றிய ஒரு கிளை இணைப்பு. இந்த வகை கேபிள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும், நடுவில் கிளை பிரியக் கூடாது. டைகினின் எஃப்1, எஃப்2 போன்ற சில முறைகளில் கிளைக்கு ஓரளவு இடம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் செய்தால் ஒத்துவராது. மூன்றாவது, 12 மீட்டர் தூரத்துக்கு இந்தக் கேபிளை அவுட்டோரின் 400 வோல்ட் கேபிளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். குறைந்தது 300 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

நாலாவதுதான் சுவாரசியமானது. கேபிளின் ஷீல்டை, அதாவது ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோக வலையை, இரண்டு பக்கமும் எர்த் செய்திருந்தார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது கிளாம்ப் மீட்டரை ஷீல்டில் மாட்டினால் கரண்ட் காட்டியது. இரைச்சலைத் தடுக்கப் போட்ட வலை, தானே இரைச்சலைச் சுமந்துகொண்டிருந்தது. எங்கேயிருந்து வருகிறது என்று தேடிப் போனதில் வேறொரு ஆபத்து கிடைத்தது. சேஞ்ச்ஓவர் நாலு போல் வகை, நியூட்ரலையும் சேர்த்து மாற்றும். அது நல்லதுதான். ஆனால் அப்படிச் செய்யும்போது ஜெனரேட்டரின் நியூட்ரலை அதன் பக்கத்திலேயே எர்த்தோடு இணைக்க வேண்டும். இணைக்கவில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 38 வோல்ட். ஏசி கிடக்கட்டும், இப்படி இருந்தால் ஏதாவது ஒரு வாட்டர் ஹீட்டரில் லீக்கேஜ் வந்தாலும் பிரேக்கர் விழாது. அதை அன்றைக்கே, மற்ற எதையும் தொடுவதற்கு முன், சரி செய்ய வைத்தேன்.

பேஸ் வரிசையையும் பார்த்தோம். மெயினிலும் ஜெனரேட்டரிலும் ஒன்றாகவே இருந்தது.

முதலாளியிடம் காட்டிய கணக்கு

சொல்லிப் புரிய வைப்பதைவிட மீட்டரைக் காட்டுவது எளிது. ஒரு இன்டோரின் ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். 0.3 ஆம்பியர். "ஐயா, இது ஒரு குண்டு பல்பு. அஞ்சு ரூமும் சேர்த்தா ஒன்றரை ஆம்பியர்." பிறகு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் அவுட்டோரில் மாட்டினேன். பேஸுக்கு 19 ஆம்பியர். "டீசல் குடிக்கிறது இதுதான்."

அப்படியே நின்றபடி தம்பியிடம் மேல் மாடி ஐந்து அறையையும் ரிமோட்டில் நிறுத்தச் சொன்னேன். சில நிமிடத்தில் 19 ஆம்பியர் 12-க்கு இறங்கியது. முதலாளி கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கரண்டை வெட்டாம ரிமோட்ல நிறுத்தியிருந்தாலே நான் கேட்டது கிடைச்சிருக்குமா?" ஆமாம், கேட்டதற்கும் மேலேயே.

செய்த மாற்றங்கள்

14 இன்டோருக்கும் சேஞ்ச்ஓவருக்குப் பின்னால் ஒரே ஐசோலேட்டர், அதிலிருந்து ஒரே ஃபீடர். ஏற்றினால் எல்லாம் ஏறும், இறக்கினால் எல்லாம் இறங்கும். இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அவுட்டோரின் எண்ணிக்கை அமைப்பை 14 என்று பழையபடி நிலைநிறுத்தினோம். இனி ஒன்று குறைந்தாலும் நின்று சொல்லும். கம்யூனிகேஷன் கேபிளை 0.75 சதுர மில்லிமீட்டர் முறுக்கிய ஷீல்டு கேபிளாகப் புதிதாக இழுத்தோம். ஒரே சங்கிலி, ஷீல்டு அவுட்டோர் பக்கம் மட்டும் எர்த், கடைசியில் 120 ஓம். முன்புற நடைபாதையின் புதுச் சீலிங்கை உடைக்க முதலாளி சம்மதிக்காததால் 4 மீட்டர் மட்டும் மின் கேபிளுக்குப் பக்கத்திலேயே போகிறது. அந்த இடத்தில் இரும்புக் குழாய்க்குள் விட்டு, குழாயை எர்த் செய்திருக்கிறேன். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

டீசலுக்கு இரண்டு வேலை. சேஞ்ச்ஓவரில் இருக்கும் துணைக் காண்டாக்டிலிருந்து ஒரு ஒயரை அவுட்டோரின் டிமாண்ட் முனைக்குக் கொண்டுபோனோம். ஜெனரேட்டர் ஓடும்போது கம்ப்ரசர் 60 சதவீதத்துக்கு மேல் போகாது. அப்புறம் வரவேற்பறையில் ஒரு சென்ட்ரல் கன்ட்ரோலர். ஆள் இல்லாத அறையை அங்கிருந்தே நிறுத்தலாம், வால்வு முறையாக மூடும். அவுட்டோருக்கு பேஸும் வோல்டேஜும் பார்க்கிற ரிலே ஒன்று, 3 நிமிடத் தாமதத்தோடு. நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் மொத்தமாகக் கரண்ட் இல்லாமல் கிடந்தால் கம்ப்ரசரின் ஹீட்டர் ஆறி, கேஸ் எண்ணெயில் இறங்கிவிடும். நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு 6 முதல் 12 மணி நேரம் ஹீட்டருக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள். ஆகவே நள்ளிரவில் ஜெனரேட்டரை நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன். அதில் அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

இரண்டு அறையில் ஸ்பிளிட் காலத்துப் பழக்கமாக இன்டோருக்கு முன்னால் சேஃப்கார்டு (வோல்டேஜ் பாதுகாப்புப் பெட்டி) மாட்டியிருந்ததையும் கழற்றினோம். வோல்டேஜ் இறங்கினால் அது அந்த அறையை மட்டும் வெட்டும். மேல் மாடியில் நடந்ததே சின்ன அளவில் அங்கும் நடக்கும். ஹோட்டல் வேலை செய்கிறவர்கள் இதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கதவுப் பக்கம் கார்டு செருகும் சுவிட்ச் இருக்கிறதே, விருந்தினர் கார்டை உருவினால் அறையின் கரண்ட் முழுவதும் நிற்கிற மாதிரி பல இடத்தில் ஒயரிங் செய்கிறார்கள். இன்டோர் அதில் சேரக் கூடாது. கார்டு சுவிட்சிலிருந்து வெறும் காண்டாக்ட் ஒயரை இன்டோர் போர்டின் ஆன், ஆஃப் முனைக்குக் கொடுக்க வேண்டும். அப்போது கார்டை எடுத்ததும் போர்டு வால்வை மூடிவிட்டு நிற்கும். கரண்ட் போனாலும் வால்வை மூடுவதற்கென்றே சிறு மின்சேமிப்போடு வரும் துணை போர்டுகளையும் சில நிறுவனங்கள் விற்கின்றன. பல உரிமையாளர்கள் தனித்தனி மீட்டர் வைத்திருக்கும் அடுக்குமாடிகளில் அவை தேவைப்படும். இந்த விடுதிக்குத் தேவைப்படவில்லை.

வேலை முடிந்த மறுநாள் அதே சோதனையை மறுபடி செய்தேன். எல்லா அறையும் நிறைந்த மாதிரி ஓட விட்டு, மெயினை இறக்கி, ஜெனரேட்டரில் ஒரு மணி நேரம். டிஸ்சார்ஜ் 74, கண்டென்சிங் 43. சூப்பர்ஹீட் 31. மேல் மாடி டிரேயில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் போட்ட இரண்டாவது கம்ப்ரசரின் எண்ணெயை எடுத்துப் பார்த்ததில் பொடி கொஞ்சம் இருந்தது. எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, மழைக்காலம் முடிந்து ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதன் ஆயுளுக்கு என்னால் உறுதி தர முடியாது என்பதையும் எழுதியே கொடுத்தேன்.

ஜூனிலும் ஜூலையிலும் எரர் இல்லை. ஆகஸ்டில் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது மேலே ஏறிப் பார்த்தேன். கறை பட்ட சீலிங் பலகையை இன்னும் மாற்றவில்லை. ஆனால் உள் வட்டமும் காய்ந்திருந்தது. லுங்கித் துணியைக் காணோம்.

"ஜெனரேட்டர் சத்தம் கேட்டா இன்னமும் கை துணியைத் தேடுது தம்பி" என்றார் அக்கா.

அவுட்டோர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒயரிங் படம் ஒன்றை ஒட்டியிருக்கிறேன், தமிழிலும் பர்மியிலும். இன்டோர் பிரேக்கர்களைப் பிரிக்க வேண்டாம் என்றும், எண்ணிக்கை 14 என்றும், கடைசி இன்டோர் எந்த அறையில் இருக்கிறது என்றும், அதன் முனையில் 120 ஓம் மாட்டியிருக்கிறது என்றும் அதில் இருக்கிறது.